தாளில் ஓட்டை வட்டமாக இல்லையா? ட்விஸ்ட் பொருந்தாத ரைபிளைக் கண்டுபிடிக்கும் வழி

குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் தம்பி ஒருவன் போன வருடம் தன் .22 ரைபிளோடு வந்து நின்றான். "சார், பேரலே போச்சுன்னு சொல்றாங்க. ட்விஸ்ட் சரியில்லையாம். புதுசு போடணுமாம்" என்றான். புதுப் பேரலுக்கு, அதாவது புதுக் குழலுக்கு, ஆகும் செலவு அவன் வீட்டுக்குப் பெரிய சுமை. "அதெல்லாம் அப்புறம். சுட்ட தாளை எங்கே வச்சிருக்கே, அதைக் காட்டு" என்றேன். தாளைக் கிழித்துப் போட்டிருந்தான்.

இந்தக் குறிப்பை எழுத அதுதான் காரணம். ரைபிள் தன் நோயைச் சொல்வது தாளில்தான். வேலூரைச் சுற்றி வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் ஊர் நம்முடையது. நானும் பட்டாளத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவன். ஆயுதம் பழகியவர்களுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. ஆனாலும் ட்விஸ்ட் என்று வந்தால் எல்லோரும் குண்டின் எடையைத்தான் பேசுகிறார்கள். பார்க்க வேண்டியது நீளம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். ட்விஸ்ட் என்பது குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளம், அதாவது புரி, எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்ற அளவு. 1:16 என்றால் 16 அங்குலத்தில் ஒரு சுற்று. 1:8 என்றால் 8 அங்குலத்திலேயே ஒரு சுற்று, அதாவது இரண்டு மடங்கு வேகமான முறுக்கு. எண் சிறியதானால் சுழற்சி அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான பேரல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சுழற்சி ஏன் வேண்டும் என்பதற்குப் பம்பரம் போதும். குட்டையான பம்பரத்தைச் சோம்பலாகச் சுற்றிவிட்டாலும் நிற்கும். அதே எடையில் ஒல்லியாக, உயரமாகக் கடைந்த பம்பரம் அந்தச் சுழற்சிக்குத் தலையாட்டிச் சாயும். அதற்குச் சாட்டையை இறுக்கிச் சுற்றி வேகமாக விட வேண்டும். குண்டும் அப்படியே. எதிர்க்காற்று அதன் மூக்கைப் பிடித்துப் பின்னால் புரட்டப் பார்க்கிறது. குண்டு நீளமாக நீளமாக அந்தப் புரட்டும் விசைக்குப் பிடிமானம் கூடுகிறது. அதைத் தாங்குவது சுழற்சி ஒன்றுதான்.

1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கையில் இருந்த மஸ்கெட்டுகளின் குழலில் புரியே கிடையாது. உருண்டைக் குண்டுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை, புரண்டாலும் உருண்டைதான். நீள மூக்குக் குண்டு வந்த பிறகுதான் ட்விஸ்ட் இவ்வளவு பெரிய விஷயமானது.

நோயைத் தேடும் முன் இரண்டு அளவுகள்

பேரலின் மேல் பொறித்திருப்பதை நம்பி உட்கார வேண்டாம். பழைய ரைபிளில் பேரல் மாற்றப்பட்டிருக்கலாம். நீங்களே அளந்துவிடுங்கள். ரைபிளைக் காலி செய்து, குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரில் ஒன்றுமில்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமான துணி மாட்டிக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளுங்கள். துணி புரியைக் கவ்வியதும், ராடின் மேல்பக்கத்தில் ஒரு பேனாக் கோடு. குழலின் பின்விளிம்புக்கு நேராக ராடின் மேல் ஒரு ஒட்டுத்தாள். இப்போது மெதுவாகத் தள்ளுங்கள். கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வந்த இடத்தில் நிறுத்தி, இரண்டாவது ஒட்டுத்தாள். இரண்டுக்கும் நடுவில் உள்ள அங்குலம்தான் ட்விஸ்ட். குழல் குட்டையாக இருந்தால் அரைச் சுற்று அளந்து இரட்டிப்பாக்கலாம்.

மூன்று முறை செய்யுங்கள். துணி தளர்வாக இருந்தால் புரியில் வழுக்கி, உண்மையைவிடப் பெரிய எண்ணைக் காட்டும். மூன்றும் கால் அங்குலத்துக்குள் ஒத்து வந்தால் சரி. குழலைத் துடைக்கப் பட்டாளத்தில் பழகிய புல் த்ரூ கயிறும் துணித் துண்டும் இதற்கு உதவாது, கயிறு முறுக்கிக்கொள்ளும். ராட் இடப்பக்கம் சுழல்கிறதே என்று பயப்பட வேண்டாம், பழைய .303 லீ என்ஃபீல்டு ரைபிளுக்கு இடது முறுக்குத்தான், 1:10. திசை எதுவானாலும் நிலைப்புக்கு வித்தியாசம் இல்லை.

இரண்டாவது அளவு, குண்டின் நீளம். இதற்காகத் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கக் கூடாது. அது ஆபத்து. தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தில் குண்டின் நீளத்தைத் தேடுங்கள். தோட்டாவின் மொத்த நீளத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி ஒரு கணக்கு. இங்கிலாந்தின் வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-ல் பீரங்கிக் குண்டுக்காகப் போட்டது. 150-ஐ விட்டத்தால் இரண்டு முறை பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். வரும் விடைதான் அந்தக் குண்டுக்குத் தேவையான ட்விஸ்ட். குண்டின் வேகம் நொடிக்கு 2,800 அடியைத் தாண்டினால் 150-க்குப் பதில் 180. இந்தக் கணக்கில் எடையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஈயம் நிறைந்த குண்டு என்ற அனுமானத்திலேயே எடை அடங்கிவிடுகிறது.

நம் கிளப்புகளில் சுடும் .22-க்குப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 0.223, நீளம் சுமார் 0.46 அங்குலம், எடை 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு). விடை 16.2 வருகிறது. உலகம் முழுக்க .22 பேரல்கள் 1:16-ல் வருவதற்குக் காரணம் இதுதான். 168 கிரெய்ன் .308 குண்டு, விட்டம் 0.308, நீளம் சுமார் 1.22 அங்குலம்: விடை 11.7. அந்தக் குண்டுக்கு 1:12 பேரல் பெயர் வாங்கியதும் இதனால்தான். கையில் பேனாவும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

2005-ல் டான் மில்லர் என்பவர் கொடுத்த கணக்கு இன்னும் நுணுக்கமானது. எடை, நீளம், வேகம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிலைப்பு எண்ணைத் தரும். 1-க்குக் கீழே போனால் குண்டு புரளும். 1.5-க்கு மேல் இருந்தால் நிம்மதி. நடுவில் இருப்பதுதான் தொல்லை பிடித்த இடம், ஒரு நாள் சுடும், ஒரு நாள் சுடாது.

நோய்: ஓட்டை நீளவாக்கில், சாவித்துளை மாதிரி

குண்டு பக்கவாட்டில் வந்து தாளைக் கிழித்திருக்கிறது. இதைப் பார்த்தவுடன் ட்விஸ்ட் என்று முடிவு கட்டுவார்கள். பல நேரம் உண்மையும் அதுதான். ஆனால் தாள் இன்னும் நிறையச் சொல்லும்.

முதலில் தாளைச் சரியாக மாட்டுங்கள். பின்னால் அட்டை வைத்து இழுத்து ஒட்டுங்கள். காற்றில் படபடக்கும் தாளில் வட்டமாகப் போன குண்டும் கிழிசலைத்தான் விடும். தாள் சாய்வாக நின்றால் எல்லா ஓட்டையும் முட்டை வடிவம்தான்.

அடுத்து, ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, ஒரே தோட்டாவில் 10 மீட்டர், 25 மீட்டர், 50 மீட்டர் என மூன்று தூரத்திலும் ஐந்தைந்து குண்டு சுடுங்கள். இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் தோட்டா செலவாகும். பேரல் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கிட்டத்தில் வட்டம், தூரம் போகப் போக நீள்வட்டம் என்றால் குண்டு வழியில் நிலை இழக்கிறது. ட்விஸ்ட் போதவில்லை என்பதற்கு வலுவான சாட்சி இது. மூன்று தூரத்திலும் குண்டு முழுப் பக்கவாட்டில் விழுந்தால் ட்விஸ்ட் கொஞ்சமும் ஒத்துவரவில்லை, அல்லது குண்டு புரியையே கவ்வவில்லை. .22-ல் 60 கிரெய்ன் எடையுள்ள நீளக் குண்டு ஒன்று இருக்கிறது. அதை 1:16 குழலில் போட்டால் இப்படித்தான் குட்டிக்கரணம் அடிக்கும். அதற்கு 1:9 அளவுக்கு முறுக்கு வேண்டும். "கனமான குண்டு, காற்றுக்கு அசையாது" என்று ஆசைப்பட்டால் கிடைப்பது சாவித்துளை.

இதற்கு நேர்மாறாக, கிட்டத்தில் லேசான நீள்வட்டம், தூரத்தில் வட்டம் நெருங்குகிறது என்றால்? குண்டு குழலை விட்டு வெளிவரும்போதே யாரோ தட்டிவிட்ட மாதிரி ஆடுகிறது. ஆனால் போகப் போக அடங்குகிறது. அடங்குகிறது என்றாலே சுழற்சி போதுமானது என்று பொருள். ட்விஸ்ட் மேல் பழி போடாமல் குழல் வாயைப் பாருங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு தடயம் .22 ஈயக் குண்டில் கிடைக்கும். ஓட்டையைச் சுற்றிக் கிரீஸும் ஈயமும் சேர்ந்த சாம்பல் நிற வளையம் விழும். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் குண்டு நேராக வந்திருக்கிறது. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் காணாமல் போனால் சாய்ந்து வந்திருக்கிறது. ஓட்டை வட்டமாகத் தெரிந்தாலும் வளையத்தைப் பாருங்கள், நோய் முற்றும் முன்னரே தெரிந்துவிடும்.

நோய்: எடை மாறவில்லை, தோட்டா மாறியதும் குரூப் போச்சு

குரூப் என்பது குண்டுகள் தாளில் நெருங்கி விழும் கூட்டம். இந்த நோய்தான் எனக்கு மிகவும் முக்கியமானது. நீளம்தான் கணக்கு என்பதை ஆணி அடித்த மாதிரி காட்டுவது இதுதான்.

அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைபிள் கதையைக் கேளுங்கள். 62 கிரெய்ன் குண்டு வந்தபோது அதற்கு ஏறக்குறைய 1:9 முறுக்கே போதும். ஆனால் அதன் பிந்தைய வடிவமான எம்16ஏ2 பேரலை 1:7 என்று வெட்டினார்கள். காரணம், கூடவே சுட வேண்டிய ட்ரேசர் குண்டு, அதாவது போகும் வழி தெரிய எரிந்துகொண்டே பறக்கும் குண்டு. எடையில் அது வெறும் இரண்டு கிரெய்ன்தான் அதிகம், கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் உள்ளே ஈயத்துக்குப் பதில் எரியும் மருந்து நிறைந்திருப்பதால் அந்த எடையைச் சேர்க்கக் குண்டு மிக நீளமாக வேண்டியிருந்தது. எடை பார்த்து ட்விஸ்ட் முடிவு செய்திருந்தால் ட்ரேசர் புரண்டிருக்கும்.

முழுத் தாமிரக் குண்டிலும் இதே கதை. தாமிரத்தின் அடர்த்தி 8.96, ஈயத்துக்கு 11.34. ஆகவே அதே எடையில் தாமிரக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். ஈயக் குண்டுக்கு அழகாகச் சுட்ட பேரல் அதே எடைத் தாமிரத்துக்குத் தடுமாறினால் பேரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பின்பக்கம் ஒடுங்கிய படகு வால் வடிவமும், நீண்டு ஒடுங்கிய மூக்கும் இதே போல் நீளத்தைக் கூட்டும். பிளாஸ்டிக் நுனி வைத்த குண்டில் மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. அந்த நுனி நீளத்தில் சேரும், ஆனால் அவ்வளவு எடை இல்லாததால் கணக்கு காட்டும் அளவுக்குத் தொல்லை தராது.

.224 விட்டத்தில் 77 கிரெய்ன் நீளக் குண்டை மில்லர் கணக்கில் போட்டேன். 1:12 பேரலில் நிலைப்பு எண் 0.78, புரளும். 1:9-ல் 1.38, சுடும், ஆனால் நம்ப முடியாது. 1:7-ல் 2.3-ஐ நெருங்குகிறது. குண்டு ஒன்றேதான், குழல் மட்டும் மாறுகிறது.

வணிகத்திலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. 1955-ல் .243 வின்செஸ்டர், .244 ரெமிங்டன் என்ற இரண்டு அமெரிக்கத் தோட்டாக்கள் ஒன்றாக வந்தன. இரண்டிலும் ஒரே விட்டக் குண்டு. வின்செஸ்டர் 1:10 கொடுத்தது. ரெமிங்டன் லேசான குண்டை மனதில் வைத்து 1:12 கொடுத்தது. மக்கள் 100 கிரெய்ன் குண்டைக் கேட்டார்கள், .244 அதை நிலைநிறுத்தாது என்ற பெயர் பரவிவிட்டது. 1963-ல் 1:9 முறுக்கோடு 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விட்டார்கள். தோட்டாவில் குறை இல்லை, ஆனாலும் .243-ஐ அது பிடிக்கவே முடியவில்லை. குழலின் முறுக்கில் இரண்டு அங்குல வித்தியாசம், அவ்வளவுதான்.

நோய்: மே மாதம் சரியாகச் சுட்டது, மார்கழி விடியலில் சிதறுகிறது

முதலில் உங்கள் கை விறைப்பையும் மூச்சையும் பாருங்கள். அது சரியென்றால் காற்றைப் பாருங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, குண்டின் மூக்கை அதிகம் புரட்டும். வேலூர் வெயிலில் 40 டிகிரியில் சுட்டதற்கும் 20 டிகிரி விடியலுக்கும் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய 7 சதவீத வித்தியாசம். நிலைப்பு எண் 2 இருக்கும் ரைபிளுக்கு இது தெரியவே தெரியாது. 1.1-ல் தொங்கிக்கொண்டிருப்பதற்கு இதுவே போதும்.

எம்16-இன் தொடக்கப் பேரல்கள் 1:14 ஆக இருந்தன. கடுங்குளிரில் சோதித்தபோது குண்டு நிலைகொள்ளவில்லை, 1:12 ஆக மாற்றினார்கள். 55 கிரெய்ன் குண்டுக்கு 1:14-ல் கணக்குப் போட்டால் எண் 1-ஐ ஒட்டியே நிற்கிறது, வெயிலில் தப்பும், குளிரில் விழும்.

மலை இதற்கு நேர்மாறு. உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. அங்கே குளிர் இருந்தாலும் உயரம் ஜெயிக்கும், குண்டு நன்றாக நிற்கும். மேலே அருமையாகச் சுட்ட ரைபிளை வேலூருக்கு இறக்கியதும் தடுமாறுகிறது என்றால் ரைபிள் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். மருந்து ஒன்றுதான்: ஒரு படி குட்டையான குண்டு.

நோய்: 50 மீட்டர் நன்று, 100 மீட்டரில் காணோம்

.22-ல் இதற்கு ட்விஸ்டைவிட ஒலி வேகம்தான் அடிக்கடி காரணம். ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும் குண்டு அந்த இடத்தில் குலுங்கும். 15 டிகிரியில் ஒலி நொடிக்கு 340 மீட்டர், 40 டிகிரியில் 355. அதிவேகத் தோட்டாவை விட்டு, ஒலிக்குக் கீழேயே கிளம்பும் சாதாரண வேகத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். குரூப் திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால் காற்றுக் கொடியைப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் ட்விஸ்ட்.

நோய்: தாளில் ஓட்டையே இல்லை, அல்லது நடுவழியில் சாம்பல் கோடு

வேகமான முறுக்கில், ஈயத்தின் மேல் மெல்லிய உலோக உறை போட்ட குண்டை அதிவேகமாகச் சுட்டால் வரும். நொடிக்கு 3,200 அடி வேகம், 1:7 பேரல். 3,200-ஐ 12-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் நொடிக்கு 5,486 சுற்று. நிமிடத்துக்கு 3,29,000-க்கு மேல். அந்தச் சுழற்சியில் மெல்லிய உறை கிழிந்து குண்டு பறக்கும்போதே சிதறிப்போகும். தடித்த உறைக் குண்டு போடுங்கள், அல்லது வேகம் குறைந்த தோட்டா. உடையாவிட்டாலும், உள்ளே ஈயம் ஒரு பக்கம் ஒதுங்கி வார்த்த மலிவுக் குண்டின் குறையை அதிகச் சுழற்சி பெரிதாக்கிக் காட்டும். நல்ல குண்டுக்கு வேகமான முறுக்கால் பெரிய கேடில்லை. குறைவாக இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருப்பதே மேல் என்பது என் கருத்து.

நோய்: ஓட்டை அழகான வட்டம், ஆனாலும் சிதறல்

இதற்குக் காரணம் ட்விஸ்ட் இல்லை. விட்டுவிடுங்கள். ஸ்டாக் (ரைபிள் கட்டை) திருகாணி, ஸ்கோப் மவுன்ட், தோட்டாவின் லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரித்ததைக் காட்டும் எண்), இவற்றைப் பாருங்கள். .22-ல் லாட் மாறினாலே குரூப் மாறும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

குடியாத்தம் தம்பியின் தாள்

மறுவாரம் புதுத் தாளில் சுடச் சொன்னேன். 10 மீட்டரில் லேசான முட்டை வடிவம், சாம்பல் வளையம் ஐந்து ஓட்டையிலும் ஒரே பக்கம் தடித்திருந்தது. 50 மீட்டரில் ஏறக்குறைய வட்டம். ராடால் அளந்தோம், 16 அங்குலம். 40 கிரெய்ன் குண்டு. கணக்கும் 16 என்கிறது. ட்விஸ்ட் குற்றமற்றது. ஐந்திலும் ஒரே பக்கம் தடிப்பது என்றால் தட்டிவிடும் கை ஒன்று நிலையாக இருக்கிறது. லென்ஸ் வைத்துக் குழல் வாயைப் பார்த்தோம். விளிம்பில், அதாவது கிரௌனில், கடுகளவு பள்ளம். ரைபிளைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி, பின்பக்கத்திலிருந்து ராடால் சுத்தம் செய்து வந்திருக்கிறான். குழல் வாய் சிமென்ட்டில் உரசியிருக்கிறது. குண்டு வெளிவரும் நொடியில் புகை அந்தப் பள்ளத்தின் வழியாக முந்திக்கொண்டு பீறிட்டு, குண்டின் பின்பக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது.

லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கிரௌனை மட்டும் வெட்டிச் சரிசெய்தோம். சேம்பருக்கு முன்னால் படிந்திருந்த ஈயத்தையும் தேய்த்து எடுத்தோம். அதே லாட் தோட்டா, அதே 10 மீட்டர். வளையம் சுற்றிலும் சமமாக விழுந்தது. அந்தத் தாளை அவன் கிழிக்கவில்லை. தேதி எழுதி, லாட் எண் எழுதி, ரைபிள் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறான்.